‘நான் யார்?’ என்று கேட்கும் குழந்தைப் புத்தகங்கள்: கரிசலைச் சுற்றி இத்தனை அதிசயமா, தெரியுமா?

வீட்டை விட்டுக் கிளம்புகிற பதினாறு வயதுப் பையன் ஒருவன் கடிதம் எழுதி வைக்கிறான். தொடக்கத்தில் தன்னை ‘நான்’ என்று குறிப்பிடுகிறான். அடுத்த வாக்கியத்துக்குள் அந்த ‘நான்’ வெறும் ‘இது’ ஆகிவிடுகிறது. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும்! பெயரே இல்லை! 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் எழுதப்பட்ட கடிதம் அது. எழுதியவன் எந்த ஊர்ப் பிள்ளை தெரியுமா? நம் திருச்சுழிப் பிள்ளை!

1879 டிசம்பர் 30 அன்று, குண்டாற்றங்கரைத் திருச்சுழியில், வக்கீல் சுந்தரமய்யருக்கும் அழகம்மாளுக்கும் பிறந்த வேங்கடராமன். திருச்சுழியில் பழகிய ஒரு பெரியவர் மதுரைக்கு வந்தபோது, “எங்கிருந்து வருகிறீர்கள்?” என்று கேட்கப்போய், அருணாசலம் என்ற பெயர் அவன் காதில் விழுந்தது. வீட்டில் கிடைத்த பெரியபுராணத்தை எடுத்து வாசித்தான். பிறகு ஒருநாள், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டு அருணாசலம் நோக்கி ரயிலேறிவிட்டான். ‘ரமண மகரிஷி’ என்ற பெயர் 1907இல்தான் வந்தது. அதைச் சூட்டியவர் தெலுங்கு நாட்டிலிருந்து வந்த காவ்யகண்ட கணபதி முனி. ஊர் ஒன்று கொடுத்த பெயர், மௌனம் அழித்த பெயர், வேறொரு மொழிக்காரர் சூட்டிய பெயர் என்று ஒரே மனிதருக்குள் எத்தனை! 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய பதில்கள்தாம் ‘நான் யார்?’ என்ற சின்னஞ்சிறு நூலாயின. இன்று அது உலக மொழிகள் பலவற்றில் கிடைக்கிறது.

ரமணர் ஊரையும் பெயரையும் குலத்தையும் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். ஒரு குழந்தையோ அதே கேள்வியை ஊரையும் பெயரையும் அம்மாவின் சேலை முந்தானையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேட்கிறது. ‘எனக்கு ஏன் இந்தப் பெயர்? நம் வீட்டில் ஏன் வேறு பேச்சு? தாத்தாவின் தாத்தா எங்கிருந்து வந்தார்?’ உலகத்தின் மிக நல்ல குழந்தைப் புத்தகங்கள் பல இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் பிறந்திருக்கின்றன. அவற்றில் எத்தனை நம் கரிசல் காட்டைத் தொட்டுக்கொண்டு போகின்றன என்று பார்த்தால் வியப்புத் தாங்கவில்லை!

முதலில் கொஞ்சம் வெளியே போய் வருவோம். அமெரிக்காவில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி படப்புத்தகம் ஒன்றைப் புரட்டிவிட்டு, ‘ஏன் எப்போதும் வெள்ளைக்காரப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள்?’ என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு தொடங்கும் கட்டுரை ஒன்றை நான்சி லாரிக் 1965இல் எழுதினார். அவர் சும்மா எழுதவில்லை. 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 குழந்தைப் புத்தகங்களைக் கணக்கெடுத்தார். கறுப்பினக் குழந்தை ஒன்றாவது தென்பட்டவை எத்தனை தெரியுமா? வெறும் 349! நூற்றுக்கு ஏழுகூட இல்லை! பள்ளிக்குப் போகிற பிள்ளை தன் முகத்தைத் தன் புத்தகத்தில் எங்குமே காணாமல் வளர்வது எவ்வளவு பெரிய பட்டினி என்று அந்நாட்டுப் பெரியவர்கள் பலர் அப்போதுதான் விழித்துப் பார்த்தார்கள். 1990இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர் இதையே இன்னும் தெளிவாகச் சொன்னார். ஒரு புத்தகம் பிள்ளைக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும், பிறரைக் காட்டும் சன்னலாகவும், உள்ளே நுழைந்து பார்க்கும் கதவாகவும் இருக்க வேண்டும் என்றார். இன்று உலகெங்கும் ஆசிரியர்கள் பலர் இதைச் சொல்லித்தான் புத்தகம் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அந்தப் பட்டினிக் காலத்திலும் ஒரு புத்தகம் வந்தது. 1962இல் எஸ்ரா ஜாக் கீட்ஸ் வரைந்து எழுதிய ‘தி ஸ்னோயி டே’. பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் பனியில் விளையாடுகிறான். கதை அவ்வளவுதான்! ஆனால் நியூயார்க் பொது நூலகத்தின் 125 ஆண்டு வரலாற்றிலேயே மிக அதிக முறை இரவல் போன புத்தகம் எது என்று 2020இல் எண்ணிப் பார்த்தபோது, முதலிடத்தில் நின்றது அதுதான். கீட்ஸ் யார் தெரியுமா? போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் பிள்ளை. உண்மைக் குடும்பப் பெயர் காட்ஸ். யூதர் என்றால் வேலை கிடைக்காத நாளில் பெயரையே மாற்றிக்கொண்டவர். தன் அடையாளத்தை மறைக்க நேர்ந்த மனிதர்தான் இன்னொரு குழந்தைக்கு அதன் முகத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறார்!

இன்னொன்று. அமெரிக்கக் குழந்தை இலக்கியத்தின் உச்ச விருதான நியூபெரி பதக்கத்தை ஓர் இந்தியர் எப்போது வாங்கினார் தெரியுமா? 1928இலேயே! வங்காளத்திலிருந்து போன தன் கோபால் முகர்ஜி, சித்ரக்ரீவா என்ற புறாவின் கதையை எழுதி அதை வென்றார்.

சரி, ஊருக்குத் திரும்புவோம். திருச்சுழியில் பேருந்து ஏறி அருப்புக்கோட்டைக்குள் நுழையும் வரை எத்தனை மொழி காதில் விழுகிறது என்று என்றாவது எண்ணியிருக்கிறீர்களா? கிராமங்களில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் நாயக்கர், ரெட்டியார் குடும்பங்கள். அருப்புக்கோட்டையின் தறிச் சத்தத்துக்கு நடுவே வீட்டுக்குள் கன்னடம் பேசும் தேவாங்கர்கள். கிழக்கே பரமக்குடிப் பக்கம் போனால் சௌராஷ்டிரம். ஒரே தெருவில் ஒரு பிள்ளைக்கு அப்பத்தா, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அவ்வா, அதற்கடுத்த வீட்டில் நன்னிம்மா! பல பண்பாடு என்று இன்று உலகம் பெரிதாகப் பேசுவதை, மிளகாய் வற்றலும் மல்லியும் காயப்போட்ட களத்தில் நம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே கற்றுக்கொள்கிறார்கள்.

இதை இலக்கியமாக்கியவர் கரிசலின் பெரிய கதைசொல்லி கி. ராஜநாராயணன். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர். அவருடைய ‘கோபல்ல கிராமம்’ தெலுங்கு தேசத்திலிருந்து உயிருக்கு அஞ்சி ஓடிவந்த ஒரு குடும்பம் இந்தக் கறுப்பு மண்ணில் காடு திருத்தி ஊர் அமைத்த கதை. அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பெரியவர்களுக்கான இந்த நாவல்கள் பலருக்கும் தெரியும். அவர் பிள்ளைகளை வைத்து எழுதிய ‘பிஞ்சுகள்’ தெரியுமா? பறவை முட்டை தேடி அலையும் கிராமத்துச் சிறுவனின் கதை. புத்தகத்தைத் திறந்தால் கரிசலின் பறவைகளெல்லாம் இந்த ஊர்ப் பெயர்களோடு வந்து உட்காருகின்றன. மரபு என்றால் கோயிலும் கோட்டையும் மட்டும்தானா? ஒரு குருவிக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று தெரிந்திருப்பதும் மரபுதான் என்று காட்டிய புத்தகம் இது. வட்டார வழக்குச் சொற்களுக்கென்று அகராதி தொகுத்த அதே கைதான் இதையும் எழுதியது. நம் விருதுநகர் மாவட்டத்துப் பள்ளி நூலகம் ஒவ்வொன்றிலும் இருந்தே ஆக வேண்டிய புத்தகம் என்பேன்.

அதே கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டி என்று ஓர் ஊர். இத்தாலியில் 1680இல் பிறந்த ஒரு பாதிரியார் அங்கே வந்து தங்கித் தமிழ் மண்ணோடு கலந்தார். அவர்தான் வீரமாமுனிவர்! தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக விழுந்து விழுந்து சிரிக்கும் பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் படைத்தவர் அவர். அந்தக் கதை புத்தகமாக அச்சேறிய இடம் எது தெரியுமா? 1822இல், லண்டனில், ஆங்கில மொழிபெயர்ப்போடு! இத்தாலிக்காரர் தமிழில் எழுதிய கதை இங்கிலாந்தில் அச்சாகியிருக்கிறது. இரு நூற்றாண்டுக்கு முன்பே நம் சிரிப்புக் கதை மூன்று தேசம் பார்த்துவிட்டது!

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம். நம் மாவட்டத்துச் சிவகாசி. பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஸ்பானியர் வரைந்து, ஆங்கிலேயர் எழுதி, லண்டன் வாரப் பத்திரிகையில் வந்த ஒரு நாயகன் சிவகாசியில் தமிழ் பேசினான் தெரியுமா? ‘இரும்புக்கை மாயாவி’! 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக அவன் வந்து இறங்கினான். 1984இல் அதே ஊரிலிருந்து லயன் காமிக்ஸ் தொடங்கியது. மழை பொய்த்த கோடையில், வேப்பமர நிழலில், கையிலிருந்து கைக்கு மாறிக் கந்தலான அந்த இதழ்கள் வழியாகத்தான் இந்த வறண்ட பூமியின் பிள்ளைகள் பலர் ஐரோப்பாவையும் அமெரிக்கப் பாலைவனத்தையும் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அதிலும் இரண்டு நாயகர்களைக் கவனியுங்கள். ஒருவர் டெக்ஸ் வில்லர். இத்தாலியில் 1948இல் போனெல்லி எழுத, கலெப்பினி வரையப் பிறந்தவர். வெறும் துப்பாக்கிச் சண்டைக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த வெள்ளைக்காரர் நவஜோ பழங்குடித் தலைவரின் மகள் லிலித்தை மணக்கிறார். அந்த மக்களின் தலைவராகவே ஆகிறார். தமிழ் வாசகர்கள் அன்போடு அழைக்கும் ‘இரவுக் கழுகார்’ என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். பேராசை பிடித்த வியாபாரிகள் விற்ற நோய்க்கிருமி படிந்த கம்பளிகளால் பெரியம்மை பரவி லிலித் இறந்துபோகிறாள். மகன் கிட் வில்லர் இரண்டு இனங்களின் பிள்ளையாக வளர்கிறான். அப்பாவின் உலகத்திலும் அம்மாவின் உலகத்திலும் அவனுக்கு இடம் உண்டு. குடும்பம், மரபு, அடையாளம் மூன்றும் ஒரே கதையில்! அதுவும் சிவகாசித் தமிழில்!

இன்னொருவர் ‘கேப்டன் டைகர்’. பெல்ஜியத்துச் சார்லியேவும் பிரான்சின் ழான் ஜிரோவும் படைத்த இந்த வீரருக்குப் பிறப்பில் வைத்த பெயர் மைக் டோனோவன். அமெரிக்கத் தெற்கின் பண்ணையார் மகன். செய்யாத கொலைக்குப் பழி சுமந்து தப்பி ஓடுகிறான். அவன் உயிரைக் காப்பாற்றுகிறவர் தப்பியோடிய ஒரு கறுப்பின அடிமை. வடக்குப் படையிடம் சிக்கியதும் பெயர் கேட்கிறார்கள். கண்ணெதிரே ஒரு புளூபெர்ரிச் செடி. ‘புளூபெர்ரி’ என்று சொல்லிவிடுகிறான்! அடிமைகளை வைத்திருந்த வீட்டில் பிறந்தவன், அடிமை முறைக்கு எதிரான படையில் புதுப்பெயரோடு சேர்கிறான். அவனுக்குச் சிவகாசி மூன்றாவதாக ஒரு பெயர் வைத்துத் தன் பிள்ளைகளிடம் அனுப்பியது. பெயரை விட்டுவிட்டுப் போன திருச்சுழிப் பையனின் மாவட்டத்திலேயே இந்தப் பெயர் மாறிய வீரனும் தமிழனானான் என்பதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது!

சோவியத் புத்தகங்களை மறக்க முடியுமா? மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி, வழுவழுப்பான தாளில், வண்ணப் படங்களோடு, கிராமத்துப் பிள்ளையும் வாங்கக்கூடிய விலையில் நியூ செஞ்சுரி புத்தகக் கடை வழியாக நம் ஊர்களுக்கு வந்தவை. அவற்றில் ஒன்று ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’. அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதியது. அடிக்கடி நோயில் படுத்துவிடும் தன் மகளுக்காக, தான் சின்னப் பையனாக இருந்தபோது செய்த அசட்டுத்தனங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார் அந்த அப்பா. அவையே புத்தகமாயின. நா. முகம்மது செரீபு அதை அவ்வளவு இயல்பான தமிழில் தந்தார்! அப்பாவும் ஒரு காலத்தில் அழுதார், பொய் சொன்னார், அடி வாங்கினார் என்று அறியும் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். குடும்ப வரலாற்றுக்கு இதைவிட எளிய தொடக்கம் கிடையாது. கிர்கீசிய மலைநாட்டுச் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரிய’ரும் இப்படித்தான் தமிழுக்கு வந்தார். பள்ளிக்கூடமே பார்த்திராத ஊரில் ஒரு பழைய கொட்டகையைப் பள்ளியாக்கியவரின் கதை. எழுத்தறிவுக்காக இந்த வறண்ட மாவட்டம் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அது அயல்நாட்டுக் கதையாகவே தோன்றாது.

‘டோட்டோ சான்’ பற்றிப் பலரும் பேசுகிறார்கள். ரயில் பெட்டிகளே வகுப்பறைகளான பள்ளி, பிள்ளை பேசப் பேசப் பல மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த தலைமை ஆசிரியர் கோபயாஷி. தெத்சுகோ குரோயநாகி 1981இல் ஜப்பானில் எழுதிய இந்தத் தன்வரலாறு நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழுக்கு வந்து ஆசிரியர்களின் கைப்புத்தகமே ஆகிவிட்டது. ஆனால் அதில் மசாவோ என்ற கொரியச் சிறுவனைப் பற்றிய அத்தியாயம் நினைவிருக்கிறதா? ஜப்பானியச் சிறுமியான டோட்டோவைப் பார்த்து அவன் ஒருநாள் வெறுப்போடு ‘கொரியாக்காரி!’ என்று கத்துகிறான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மாவின் கண்கள் கலங்குகின்றன. எல்லோரும் அந்தச் சொல்லால் அவனைத் திட்டித் திட்டி, தன் இனத்தின் பெயரே ஒரு வசைச்சொல் என்று அந்தக் குழந்தை நம்பிவிட்டது! சாதிப் பெயரை வசையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் தெருக்களில் இல்லையா? நம் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் ‘கருக்கு’ எழுதியது அப்படிக் கேட்ட காதுகளோடுதான். அது குழந்தை நூல் அன்று. ஆனால் ஒரு குழந்தைக்கு அந்தக் காயம் எந்த வயதில், எந்தத் தெருமுனையில் விழுகிறது என்பதை அதைவிட நேராகச் சொன்ன தமிழ்ப் புத்தகம் அபூர்வம். டோட்டோ சானை வகுப்பில் வாசிக்கும் ஆசிரியர்கள் ரயில் பெட்டியோடு நிறுத்திவிடாமல் மசாவோ வரை வர வேண்டும்.

திருச்சுழி சட்டமன்றத் தொகுதிக்குள்ளேயே மல்லாங்கிணறு இருக்கிறது. அங்கே பிறந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். கரிசல் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றிய ‘சஞ்சாரம்’ நாவலுக்காக 2018இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவர் குழந்தைகளுக்கு எத்தனை எழுதியிருக்கிறார் தெரியுமா? ‘ஏழு தலை நகரம்’, ‘கிறுகிறுவானம்’ என்று ஒரு வரிசையே உண்டு! லூயி கரோலின் ஆலிஸையும் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஆக்ஸ்போர்டில் பிறந்த ஆலிஸ் முயல் வளைக்குள் விழுந்து மல்லாங்கிணற்றுக்காரரின் தமிழில் எழுந்து வருகிறாள்!

குழந்தை இலக்கியத்துக்காகச் சாகித்திய அகாதெமி 2010இல் தொடங்கிய பால சாகித்திய விருதுப் பட்டியலைப் பாருங்கள். ‘காட்டுக்குள்ளே இசைவிழா’ நூலுக்காக 2012இல் வென்ற கொ.மா. கோதண்டம், நம் மாவட்டத்து ராஜபாளையத்துக்காரர். 2019இல் வென்ற தேவி நாச்சியப்பன் யார் தெரியுமா? குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் மகள்! அப்பாவின் பாட்டு மகளின் பேனாவில் தொடர்கிறது. 2021இல் மு. முருகேஷ் வென்ற நூலின் பெயரே ‘அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை’! பெரியவர்கள் சொல்லப் பிள்ளைகள் கேட்பதுதான் வழக்கம். இங்கே அது தலைகீழ்!

2023இல் வென்ற ‘ஆதனின் பொம்மை’ எங்களுக்கு இன்னும் நெருக்கம். எழுதிய உதயசங்கர் கோவில்பட்டிக்காரர், ரயில்வேயில் பணியாற்றியவர். இக்காலத்துச் சிறுவன் ஒருவனைக் கீழடிக்கும் அதன் பழங்காலத்துக்கும் கூட்டிப்போகிற நாவல் இது. ‘ஆதன்’ கற்பனைப் பெயர் என்று நினைத்தீர்களா? கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கும் பெயர் அது! இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக மண்ணுக்குள் கிடந்த பெயர் இன்று ஒரு குழந்தை நாவலின் தலைப்பில் உயிரோடு நிற்கிறது. கீழடியில் பகடைக்காய்களும் சில்லுகளும் கிடைத்தன. நம் மாவட்டத்திலேயே, வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022இல் தொடங்கிய அகழாய்விலும் சுடுமண் பொம்மைகளும் ஆட்டக்காய்களும் சங்கு வளையல்களும் வெளிவந்தன. பழைய காலத்துக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் நம் காலடியில் புதைந்து கிடந்திருக்கிறது! அடுத்த முறை பாண்டியாட்டம் ஆடும் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கண்கள் எப்படி விரிகின்றன என்று.

சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஒரே படப்புத்தகத்தைத் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் கொண்டுவருகிறது. பிரிவினையின்போது கராச்சியில் பிரிய நேர்ந்த முகுந்த், ரியாஸ் என்ற இரு நண்பர்களின் கதையை நீனா சப்னானி தன் அப்பாவின் நினைவிலிருந்து எடுத்து, துணி ஒட்டுவேலைப் படங்களோடு தந்ததும் அங்கிருந்துதான். சென்னையின் தாரா புக்ஸ் இன்னொரு விந்தை செய்தது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷியாம் லண்டனுக்குப் போய்வந்து, தன் மக்களின் கண்ணால் அந்த நகரத்தை வரைந்தார். பிக் பென் கடிகாரக் கோபுரம் அவர் கையில் என்னவானது தெரியுமா? நேரம் சொல்லும் சேவல்!

கடல் கடந்த தமிழர்களும் சும்மா இல்லை. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பத்மா வெங்கட்ராமன், சென்னைப் பாலம் ஒன்றில் ஒண்டி வாழும் நான்கு பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு குடும்பத்தையே கட்டிக்கொள்ளும் கதையை ‘தி பிரிட்ஜ் ஹோம்’ என்று 2019இல் எழுதினார். பிறப்பால் வராத குடும்பமும் குடும்பம்தான் என்று அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் சென்னைத் தெருப் பிள்ளைகளிடமிருந்து கற்கிறார்கள்! தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்து, கனடாவில் குடியேறிய ஷியாம் செல்வதுரை 1980ஆம் ஆண்டின் கொழும்பை வைத்து எழுதிய இளையோர் நாவலும் இந்த வரிசையில் வரும்.

இத்தனை புத்தகமும் பிள்ளையின் கைக்கு எப்படி வந்து சேரும்? அதற்கும் அற்புதமான முன்னோடிகள் இருக்கிறார்கள். ஹிட்லருக்கு அஞ்சி ஜெர்மனியை விட்டுப் போன யூதப் பெண் ஜெல்லா லெப்மன், போர் முடிந்ததும் அதே ஜெர்மனிக்குத் திரும்பினார். எதற்கு? அங்கிருந்த பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்க! நேற்றுவரை எதிரிகளாக இருந்த நாடுகளுக்கெல்லாம் கடிதம் எழுதிப் புத்தகங்களை வரவழைத்து, 1946இல் மியூனிக்கில் கண்காட்சி நடத்தினார். 1949இல் அங்கே உலகக் குழந்தைகள் நூலகத்தையே தொடங்கிவிட்டார். நம் தமிழ்நாட்டில்? 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து ஒரு மாட்டுவண்டி கிளம்பியது. வண்டி நிறையப் புத்தகம்! ஊர் ஊராகப் போய்ப் படிக்கக் கொடுத்தது! இன்று திருச்சுழியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போனால், 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி காத்திருக்கிறது. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிப்படியாகப் பிள்ளையைக் கூட்டிப்போகின்றன.

ஆனாலும் ஒரு குறை மனத்தை அரிக்கிறது. சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் குடும்பத்துப் பிள்ளை, அருப்புக்கோட்டைத் தறி வீட்டில் அஜ்ஜியின் மடியில் கன்னடத்தில் தூங்கிப் பள்ளியில் தமிழில் விழிக்கும் பிள்ளை, கண்மாய் வற்றியதும் பிழைப்புக்காக அப்பா திருப்பூருக்குப் போக அப்பத்தாவிடம் வளரும் பிள்ளை, இவர்கள் நாயகர்களாக நிற்கும் படப்புத்தகங்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணத் தயங்குகிறேன். நவஜோ தலைவரின் பேரனைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்குப் பக்கத்துத் தெரு அவ்வாவின் கதையும் புத்தகமாகக் கிடைக்க வேண்டும்.

அதற்கு வழி மூடிக் கிடக்கவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் பிள்ளைகளின் படைப்புகளுக்கு இடம் தருகின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் யாரும் கதையை இலவசமாகப் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், சொந்தக் கதையையும் ஏற்றலாம். ஆகவே திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்து அம்மாக்களே, அப்பாக்களே, ஆசிரியர்களே! இந்த விடுமுறையில் ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்தப் பஞ்சத்தில், யார் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் எந்த மொழியில் சொல்கிறார்களோ அந்தச் சொற்களோடு பிள்ளையை எழுத விடுங்கள், பக்கத்திலேயே படமும் வரையட்டும். எழுதி முடித்ததும் முதல் வேலையாக உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பில் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.